யாழ்ப்பாணத்துக்கு ஒரு பொது இருட்டறை வேண்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மைக் காலமாக எமது இளைஞர் பலர், தம் தந்தையரும் மாமன்மாரும் அலுமாரிக்குள் பூட்டிவைத்திருந்த பழைய படச்சுருள் கமராக்களை வெளியே எடுத்து, கோட்டை அகழிக் கரையிலும் பண்ணைப் பாலத்தடியிலும் நின்று படம் எடுப்பதைக் காண்கிறேன். நெடுங்காலமாக இதே பொழுதுபோக்கில் ஈடுபட்டு வருபவன் என்ற வகையில் எனக்கு இது பெரும் மகிழ்ச்சி தருகிறது. அவர்கள் சார்பில் ஒரு வேண்டுகோளைத் தங்கள் பத்திரிகை வாயிலாக முன்வைக்க விரும்புகிறேன். படச்சுருள் கழுவுவதற்கு, அதாவது சுருளை இரசாயனத் திரவங்களில் இட்டு அதில் பதிந்த படத்தை வெளிக்கொணர்வதற்கு, யாழ் நகரில் பொது இருட்டறை ஒன்று அமைக்கப்பட வேண்டும்.

கைத்தொலைபேசியில் கணக்கின்றிப் படம் எடுக்கக்கூடிய இக்காலத்தில் இது வீண் செலவு என்று சொல்வோர் உளர். 35 மி.மீ. சுருளில் 36 படங்களும், 120 எனப்படும் அகலமான சுருளில் சதுரப் படங்களாயின் 12 படங்களும் மட்டுமே எடுக்கலாம் என்பதால், ஒவ்வொரு முறையும் பொத்தானை அழுத்துமுன் வெளிச்சத்தையும் நிழலையும் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் தானாகவே வந்துவிடுகிறது. பென்ராக்ஸ் கே1000, நிக்கோன் எப்எம்2 போன்ற கமராக்களுக்கு ஒளிமானியை இயக்க மட்டுமே பற்றரி தேவை. மற்றெல்லாம் பொறிமுறையாலேயே இயங்கும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது பற்றரிக்கு அலைந்த எமது தலைமுறைக்கு அதன் அருமை நன்கு விளங்கும்.

படம் எடுப்பதில் இவர்களுக்குச் சிரமம் இல்லை. கழுவுவதில்தான் இருக்கிறது. கொழும்புக்கு அனுப்பிவிட்டுக் காத்திருக்க விரும்பாதவர்கள் வீட்டுக் குளியலறையிலேயே கறுப்பு வெள்ளைச் சுருள்களைக் கழுவிக்கொள்கிறார்கள். அதற்கான நேர அட்டவணைகள் பெரும்பாலும் 20 பாகை செல்சியஸ் வெப்பநிலையை அடிப்படையாகக் கொண்டவை. இல்போர்ட் எச்பி5 என்ற கறுப்பு வெள்ளைச் சுருளை, படத்தை வெளிக்கொணரும் ஐடி-11 என்ற டெவலப்பர் திரவத்தில், மேலும் நீர் கலக்காமல், அந்த வெப்பநிலையில் ஏழரை நிமிடம் வைக்க வேண்டும். எமது தண்ணீரோ 27, 28 பாகையில் நிற்பது வழக்கம். அவ்வெப்பத்தில் நேரம் மிகவும் குறுகுவதால் படத்தில் திட்டுத்திட்டாக வேறுபாடு தோன்றுகிறது. ஆகவே ஐஸ்கட்டி போட்ட தொட்டிக்குள் போத்தல்களை இறக்கிவைத்து, வெப்பமானியைப் பார்த்தபடி நிற்க வேண்டியுள்ளது. அடுத்த சிக்கல் எமது சுண்ணாம்புக்கல் நிலத்தின் கிணற்று நீர். கேத்திலில் வெள்ளையாகப் படிகின்ற அதே உப்புகள், உலர்ந்த நெகற்றிவ்விலும் புள்ளிகளாகப் படிந்துவிடும். கடைசி அலசலுக்கேனும் காய்ச்சி வடித்த நீரைப் பயன்படுத்துமாறு புதியவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

இவற்றையெல்லாம் விட என்னைக் கவலைப்படுத்துவது கழிவுநீர். பிக்சர் என்ற திரவம், ஒளிபடாத வெள்ளி உப்பைச் சுருளிலிருந்து கரைத்து எடுப்பதன் மூலமே படத்தை நிலைக்கச் செய்கிறது. எனவே பயன்படுத்திய பிக்சரில் வெள்ளி கரைந்திருக்கும். குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. மாரி மழை நிலத்துக்குள் இறங்கித் தேங்கும் நீரையே நாம் இறைத்துக் குடிக்கிறோம். வெடிப்பும் துவாரமும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லின் ஊடாக, முற்றத்தில் ஊற்றியது கிணற்றைச் சென்றடைய அதிக காலம் எடுக்காது. சுன்னாகத்துக் கிணறுகளில் எண்ணெய் கலந்த அனுபவம் எமக்குப் போதும். ஒரே இடத்தில் பலரும் கழுவினால் பிக்சரைக் கலன்களில் சேர்த்து, உருக்குக் கம்பளியின் உதவியால் வெள்ளியைப் பிரித்தெடுத்து, எஞ்சியதை முறைப்படி அகற்றலாம். தனித்தனி வீடுகளில் இதை எதிர்பார்க்க முடியாது.

இத்தகைய அறைக்குப் பெரிய முதலீடு தேவையில்லை. ஒளி புகாத, குளிரூட்டிய ஒரு சிறிய அறை, நீர் வசதி, சில தொட்டிகள், பழைய ஸ்ரூடியோக்களில் தூசி பிடித்துக் கிடக்கும், நெகற்றிவ்விலுள்ள படத்தைப் பெரிதாக்கித் தாளில் பதிக்கும் ஒரு என்லார்ஜர் ஆகியவை இருந்தால் தொடங்கிவிடலாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் கட்புலக் கலைகள் சார்ந்தோரோ மாநகர சபையினரோ இடம் ஒதுக்கினால், சுருளுக்கு இவ்வளவு எனக் கட்டணம் செலுத்திப் பயன்படுத்த ஆர்வலர்கள் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

அந்த அறையில் இன்னொரு பணியும் நடைபெறலாம். அசற்றேற்று என்ற பிளாஸ்ரிக்கால் ஆன பழைய நெகற்றிவ்கள் வெப்பத்தாலும் ஈரப்பதனாலும் சிதைந்து, வினாகிரி மணம் வீசி, சுருங்கிப்போகின்றன. 1995 இடப்பெயர்வில் அல்பங்களை இழந்த குடும்பங்கள் எத்தனையோ. அவர்களது திருமணப் படங்களின் நெகற்றிவ்கள் ஏதேனும் ஒரு ஸ்ரூடியோவின் பெட்டிக்குள் இன்னும் இருக்கக்கூடும். நெகற்றிவ்வை ஓரத்தில் பிடித்துக் கையாளத் தெரிந்த இந்த இளைஞர்களே அவற்றைத் துடைத்து, வகைப்படுத்தி, இலத்திரனியல் பிரதி எடுக்கத் தகுந்தவர்கள். பழைய ஸ்ரூடியோ உரிமையாளர்கள் அப்பெட்டிகளை எரித்துவிடாமல், அடுத்த மாரிக்கு முன்னர் ஈரமற்ற இடத்துக்கு மாற்றி வைக்குமாறு பணிவன்புடன் வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
ஒளிப்பட ஆர்வலர் ஒருவர்,
வண்ணார்பண்ணை, யாழ்ப்பாணம்.