தகவல் கசிந்த பின் செய்ய வேண்டியவை

ஆசிரியருக்கு வணக்கம்.

'உங்கள் கைபேசி எண், பிறந்த தேதி ஆகியவை வெளியாகியிருக்கலாம். வருந்துகிறோம்' என்று ஒரு நிறுவனத்திடமிருந்து எனக்கு இரண்டே வரியில் மின்னஞ்சல் வந்தது. கடவுச்சொல்லை மாற்றிவிடலாம்; பிறந்த தேதியை எப்படி மாற்றுவது? எப்போது, எந்தெந்த விவரங்கள் கசிந்தன என அந்த நிறுவனத்திடம் எழுத்துப்பூர்வமாகக் கேட்டுப் பெறுவதே முதல் வேலை. பின்னர் புகார் அளிக்கவும் இழப்பீடு கோரவும் அந்தப் பதிலே சான்றாகும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு விதிமுறை, கசிவு தெரியவந்த 72 மணி நேரத்துக்குள் கண்காணிப்பு அமைப்புக்குத் தெரிவிக்குமாறு பொதுவாக நிறுவனங்களைக் கட்டாயப்படுத்துவதோடு, பண இழப்புக்கு மட்டுமன்றி மன உளைச்சலுக்கும் இழப்பீடு கோர வழிசெய்கிறது. இத்தகைய உரிமை எல்லா நாட்டவருக்கும் வேண்டும்.

அந்த நிறுவனக் கணக்கின் கடவுச்சொல்லையே வேறு எங்கெல்லாம் பயன்படுத்தினோமோ அங்கெல்லாம் அதை மாற்றி, இரட்டைச் சரிபார்ப்பையும் (கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் முறை) இயக்கிவிட வேண்டும். 'உதவுகிறோம்' என்று அழைப்பவர் ஓடிபி கேட்டால், இணைப்பை உடனே துண்டித்துவிடுங்கள்.

– ஒரு வாசகர்