அந்த 99 சதவீதம் எங்கிருந்து வந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில், எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து மூளைக்கட்டியைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் பற்றி எழுதியபோது, "99 சதவீதம் துல்லியம், இனி ரிப்போர்ட்டுக்கு டாக்டரை எதிர்பார்க்க வேண்டாம்" என்று போட்டிருந்தீர்கள். எதில் சோதித்தார்கள் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் அச்சேற்றியது மனதை வருத்துகிறது.

இத்தகைய ஆய்வுகள் பலவும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் படத் தொகுப்புகளை நம்பியவை. பலரும் எடுத்தாளும் ஒன்றில் 3064 படங்கள். நோயாளிகள் 233 பேர்தான். ஒருவருக்குச் சராசரியாக 13 ஸ்லைஸ், அதாவது மூளையை ஏடு ஏடாக வெட்டிப் பார்த்தது போன்ற படங்கள். எல்லாவற்றையும் குலுக்கி, மென்பொருளின் பயிற்சிக்குக் கொஞ்சம், சோதனைக்குக் கொஞ்சம் என்று பிரித்தால் ஒரே ஆளின் அடுத்தடுத்த ஸ்லைஸ்கள் இரண்டு பக்கமும் போய்ச் சேரும். வினாத்தாளைப் பார்த்துவிட்டுப் பரீட்சை எழுதுவது போலத்தான் இது. ஆள்வாரியாகப் பிரித்தால் மதிப்பெண் இறங்கும். இன்னொன்று, அந்தத் தொகுப்பில் மெனிஞ்சியோமா (மூளை உறையில் வளரும் கட்டி), கிளையோமா (மூளைத் திசுவிலேயே வளரும் கட்டி), பிட்யூட்டரி சுரப்பிக் கட்டி என மூன்று வகை மட்டுமே உண்டு. கட்டியில்லாதவர் ஒருவர்கூட இல்லை. அதில் பழகிய மென்பொருள் எந்த வகைக் கட்டி என்று சொல்லும். கட்டி உண்டா இல்லையா என்று எப்படிச் சொல்லும்?

ஃபிலிமை ஜன்னலில் பிடித்து போனில் படமெடுத்து அனுப்பினால் போதும் என்று முன்பும் நீங்கள் எழுதினீர்கள். டி1, டி2, ஃப்ளேர், மருந்து செலுத்திய டி1 என ஒரே மூளையை வெவ்வேறு விதமாகக் காட்டும் நான்கு வகை எம்.ஆர்.ஐ. படங்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டிய இடத்தில் ஒரு போன் படம் எதற்கு ஆகும்? சி.டி. ஸ்கேனில் எந்தத் திசு எவ்வளவு வெண்மை என்பதற்கு ஹவுன்ஸ்ஃபீல்டு எண் என்ற நிலையான அளவு உண்டு; எம்.ஆர்.ஐ.யின் வெண்மைக்கு அப்படி நிலையான அளவு கிடையாது. 1.5 டெஸ்லா காந்தபலம் கொண்ட மெஷினின் படங்களில் பழகியது 3 டெஸ்லா படத்தில் தடுமாறலாம். படத்திலிருந்து மண்டையோட்டை மென்பொருள் நீக்கும் முதல் படியிலேயே, மூளை உறையை ஒட்டி வளர்ந்த மெனிஞ்சியோமாவும் சேர்ந்து வெட்டுப்பட்டுப் போவதுண்டு. நம் ஊரில் வலிப்போடு வருகிறவர்களுக்கு நாடாப்புழு நீர்க்கட்டி, காசநோய்க்கட்டி இரண்டும் மருந்து செலுத்திய படத்தில் வளையம் வளையமாக ஒளிர்வதுண்டு. கிளையோமா மட்டுமே பார்த்துப் பழகிய மென்பொருள் அவற்றையும் புற்று என்றே குறித்துவிடலாம்.

சரி, கட்டி உள்ளவர், இல்லாதவர் இருவரிலும் 99 சதவீதம் சரியாகச் சொல்லும் என்றே கொள்வோம். தலைவலிக்காக ஸ்கேன் எடுக்கும் 1000 பேரில் 5 பேருக்குக் கட்டி இருப்பதாக வைத்தால், அந்த 5 பேரும் சிக்குவார்கள். மீதி 995 பேரில் சுமார் 10 பேருக்குப் பொய் எச்சரிக்கை போகும். அந்தப் பத்துக் குடும்பங்களுக்கும் அன்றிரவு தூக்கம் இருக்காது.

இந்தத் தொழில்நுட்பம் வேண்டாம் என்று சொல்லவில்லை. சிகிச்சைக்குப் பின் கட்டியின் கன அளவை ஒவ்வொரு ஸ்கேனிலும் அளந்து ஒப்பிட அது மிகவும் உதவும். அவசரப் படங்களை வரிசையில் முன்னே தள்ளவும் உதவும். அதற்குப் பிறகும் ரிப்போர்ட்டில் டாக்டர் கையெழுத்திட வேண்டும்.

அடுத்த முறை இத்தகைய செய்தி வரும்போது, எத்தனை நோயாளிகள், ஆள்வாரியாகப் பிரித்தார்களா, வேறு எந்த மருத்துவமனையின் படங்களில் சோதித்தார்கள் என்பதை ஒரு வரியில் சேர்த்துப் போடுங்கள். டாக்டர் வேண்டாம் என்ற அந்த வாக்கியத்துக்கு வரும் இதழில் ஒரு திருத்தமும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ரேடியாலஜி மருத்துவர், மதுரை