சிப்பாய் என்றால் ஒருவர் போதும், மாணவர் என்றால் எல்லோரும் வேண்டுமாம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் இருப்பது இங்கிலாந்தில், சஃபோக் பகுதியில், லேக்கன்ஹீத் விமானத் தளத்துக்குப் பக்கத்து ஊரில். வாசல் பலகையில் ராயல் ஏர்ஃபோர்ஸ் என்று போட்டிருக்கும், ஆனால் உள்ளே இருப்பது அமெரிக்க விமானப்படை. எஃப்-15 போர் விமானம் தலைக்கு மேல் போனால் போனில் பேச முடியாது. ஊரிலிருந்து அம்மா கூப்பிட்டால் பாதிப் பேச்சில் "இரும்மா, போகட்டும்" என்று நிறுத்தித்தான் தொடருவேன். அது பழகிவிட்டது. பழகாமல் இருந்தது வேறொன்று.

எங்கள் பக்கத்து வீட்டில் அந்தத் தளத்தில் வேலை பார்க்கும் ஒரு அமெரிக்கர் வாடகைக்கு இருக்கிறார். மனைவி இங்கிலாந்துப் பெண், உள்ளூரில்தான் வேலை. இரண்டும் ஒரே மாதிரி வீடு, ஒரே குப்பை வண்டி, ஒரே தெருவிளக்கு. எனக்கு மாதாமாதம் கவுன்சில் வரி, அதாவது வீட்டுக்காக உள்ளாட்சிக்குக் கட்டும் வரி, வங்கியிலிருந்து போகிறது, அவருக்கு ஒரு காசு கிடையாது. (நம் ஊரில் சொத்து வரியை வீட்டுக்காரர் அரையாண்டுக்கு ஒருமுறை கட்டுவார், வாடகைக்கு இருப்பவருக்கு அந்தக் கவலை இல்லை. இங்கே குடியிருப்பவர்தான் கட்ட வேண்டும்.) முதலில் கேள்விப்பட்டபோது வயிறு எரிந்தது உண்மை. அப்புறம் உட்கார்ந்து படித்துப் பார்த்தேன்.

விஷயம் பழையது. 1951-இல் லண்டனில் நேட்டோ நாடுகள் போட்ட ஒப்பந்தத்தில், படைப் பணிக்காக மட்டும் இன்னொரு நாட்டில் தங்கும் காலத்தை வரி விஷயத்தில் அங்கே குடியிருப்பதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று இருக்கிறது. அடுத்த வருடமே பிரிட்டனில் வருகைப் படைகளுக்கென்று, அதாவது வெளிநாட்டிலிருந்து வந்து தங்கும் படைகளுக்கென்று, தனிச் சட்டம் வந்தது. 1993-இல் கவுன்சில் வரி தொடங்கியபோது அதன் விலக்குப் பட்டியலில் இவர்களுக்கு 'பி' (P) என்று ஒரு வகுப்பு. சரி, நியாயம் இருக்கிறது. மேலதிகாரி அனுப்பிய இடத்துக்கு வந்தவர், உத்தரவு வந்தால் மூட்டை கட்டிவிடுவார், இங்கே ஓட்டும் கிடையாது. இந்திய பாஸ்போர்ட் வைத்திருக்கும் எனக்கு, காமன்வெல்த் குடிமகன் என்பதால், கவுன்சில் தேர்தலில் ஓட்டு உண்டு. இத்தனைக்கும் பிரிட்டனின் சொந்தச் சிப்பாய் ராணுவக் குடியிருப்பில் இருந்தால், கவுன்சில் வரிக்குப் பதிலாக என்று ஒரு தொகையைச் சம்பளத்தில் பிடித்துவிடுகிறார்கள்! விருந்தாளிக்கு மட்டும் தள்ளுபடி. அதையும் விட்டுவிடுகிறேன்.

எனக்கு உறுத்துவது அந்த 'பி' வகுப்பின் அளவுகோல். வரி கட்ட வேண்டியவர்களில் ஒரே ஒருவர் வருகைப் படையைச் சேர்ந்தவராக இருந்தால் போதும், வீடு முழுக்க விலக்கு. பக்கத்து வீட்டம்மா உள்ளூர்க்காரர், சம்பாதிப்பவர், ஆனாலும் பில் வராது. அதே பட்டியலில் மாணவர்களுக்கு 'என்' (N) என்று ஒரு வகுப்பு. அங்கே வீட்டில் இருக்கும் எல்லோருமே முழுநேர மாணவர்களாக இருக்க வேண்டும். என் அக்கா மகனும் மூன்று பேரும் சேர்ந்து ஒரே ஒப்பந்தத்தில் வீடு எடுத்திருந்தார்கள். ஒருவனுக்குப் படிப்பு முடிந்து ஒரு கிடங்கில் வேலை கிடைத்தது, கொண்டாடினார்கள், பிரியாணி எல்லாம் செய்தார்கள். அடுத்த மாதம் பில் வந்தது. மற்ற மூவரும் மாணவர்கள் என்பதால் கால் பங்கு தள்ளுபடி போக, மீதி முக்கால் பங்கும் வேலைக்குப் போனவன் தலையில் மட்டும். பையன் முதல் சம்பளத்தைக் கண்ணால்கூடப் பார்க்கவில்லை.

சிப்பாய்க்கு "ஒருவர் போதும்" என்று எழுதத் தெரிந்த அரசுக்கு, வெளிநாட்டுக் கட்டணம் என்று லட்சக்கணக்கில் கட்டும் மாணவர் வீட்டுக்கு ஒரு நாலு மாத அவகாசமாவது எழுதத் தெரியாதா? பன்னாட்டு ஒப்பந்தம் வேறு, உள்நாட்டுச் சலுகை வேறு என்று பதில் சொல்வார்கள், எனக்கும் தெரியும். ஆனால் இந்த 'எல்லோரும்' என்ற சொல் எந்த ஒப்பந்தத்திலும் வரவில்லை, இவர்களே எழுதியது.

இன்னொன்று, உங்கள் வாசகர்களில் பிள்ளைகளை இங்கே ஆராய்ச்சிப் படிப்புக்கு அனுப்பியவர்கள் இருப்பார்கள், அவர்களுக்காக. மாணவரோடு டிபென்டன்ட் விசாவில் வந்த கணவனோ மனைவியோ, விசா நிபந்தனைப்படி அரசு உதவித்தொகை வாங்கக் கூடாதவர் என்றால், அவர் வேலைக்குப் போனாலும் வீட்டின் மாணவர் விலக்கு கெடாது. இது பலருக்குத் தெரிவதில்லை, கேட்காமல் கட்டிவிடுகிறார்கள். விசாவையும் கல்லூரிச் சான்றிதழையும் இணைத்துக் கவுன்சிலுக்கு எழுதிக் கேட்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
சஃபோக்கிலிருந்து ஒரு வாசகர்