போர்டு பழுதா, பின் அமைப்பு தவறா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாளிதழ்களின் மாணவர் பக்கங்களில் ஆர்டுயினோ, ஈ.எஸ்.பி.32 போன்ற, புரோகிராம் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டுகளை வைத்துச் செய்யும் சிறு செய்முறைகள் வருகின்றன. நல்ல விஷயம். அடல் டிங்கரிங் ஆய்வகம் உள்ள பள்ளிகளில் 6ஆம் வகுப்புப் பிள்ளைகளே இந்த போர்டுகளைக் கையில் எடுக்கிறார்கள். ஆனால் பல செய்முறைகள் வயர் இணைப்புப் படத்தோடு முடிந்துவிடுகின்றன. எந்தப் பின்னை (வயர் மாட்டும் கால்) அவுட்புட்டாக, அதாவது மின்சாரம் வெளியே தருவதாக, வைக்கலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு வரி இருப்பதில்லை. எல்.இ.டி. எரியாவிட்டால் போர்டு போய்விட்டது என்று பிள்ளைகள் முடிவு கட்டி ஓரமாக வைத்துவிடுகிறார்கள். பெரும்பாலும் போர்டு நன்றாகத்தான் இருக்கும்.

ஆர்டுயினோ ஊனோ ஆர்3 போர்டில் அடிக்கடி வரும் கோளாறு இது: எல்.இ.டி. எரியும், ஆனால் அறை விளக்கை அணைத்தால்தான் தெரிகிற அளவுக்கு மங்கலாக எரியும். புரோகிராமில் தொடக்கத்தில் ஒருமுறை ஓடும் செட்டப் பகுதியில், அந்தப் பின்னை அவுட்புட்டாக்கும் பின்மோட் அவுட்புட் என்ற வரி விட்டுப்போயிருக்கும், அல்லது வேறு பின் எண் எழுதப்பட்டிருக்கும். ஊனோவின் பின்கள் தொடக்கத்தில் இன்புட்டாகவே இருக்கும். இன்புட்டாக இருக்கும் பின்னுக்கு ஹை (5 வோல்ட்) கொடுத்தால், சிப்புக்குள் இருக்கும், பின்னை 5 வோல்ட் பக்கம் இழுக்கும் புல்-அப் மின்தடை மட்டும் இணையும். அதன் மதிப்பு 20 முதல் 50 கிலோ ஓம். அதன் வழியே வருவது சுமார் 0.1 மில்லி ஆம்பியர்தான். சரியாக அமைத்தால், 220 ஓம் மின்தடையோடு சிவப்பு எல்.இ.டி.க்குச் சுமார் 14 மில்லி ஆம்பியர் கிடைக்கும்.

இதை ஒரு மல்டிமீட்டரால் அரை நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். கறுப்பு முனை கிரவுண்டில், சிவப்பு முனை பின்னில். ஹை நிலையில் 4.6, 4.7 வோல்ட் காட்டினால் பின் ஒழுங்காக வேலை செய்கிறது. கோளாறு வெளியே இருக்கிறது: எல்.இ.டி. தலைகீழாக மாட்டியிருக்கலாம், வயர்களைச் செருகும் துளைப் பலகையான பிரெட்போர்டின் ஓர வரிசை நடுவில் துண்டாகியிருக்கலாம் (நீளமான பிரெட்போர்டுகள் சிலவற்றில் அப்படித்தான் இருக்கும்). 2 வோல்ட்டுக்கும் கீழே காட்டினால் பின்மோட் வரியைப் போய்ப் பாருங்கள். எல்.இ.டி. இணைப்பில் இருக்கும்போதே அளக்க வேண்டும் என்பது முக்கியம். கழற்றிவிட்டு அளந்தால், புல்-அப் வழியாகவே மீட்டர் 5 வோல்ட்டுக்குப் பக்கமாகக் காட்டி ஏமாற்றிவிடும். எத்தனையோ பேர் மணிக்கணக்கில் தடுமாறுவது இந்த இடத்தில்தான்.

எல்.இ.டி.யின் வெளிச்சத்தையோ மோட்டாரின் வேகத்தையோ கூட்டிக் குறைக்க, 0 முதல் 255 வரை எண் கொடுக்கும் அனலாக்ரைட் கட்டளையைப் பயன்படுத்துவார்கள். ஊனோவில் அது 3, 5, 6, 9, 10, 11 ஆகிய பின்களில்தான் வேலை செய்யும். வேறு பின்னில் எழுதினால் 127 வரை அணைந்தே கிடக்கும், 128இல் முழுதாக எரியும், நடுவில் எதுவும் இருக்காது. சர்வோ மோட்டாரை இயக்கும் லைப்ரரியை (ஆயத்த நிரல்) சேர்த்தால் 9, 10 பின்களிலும் இந்த வசதி போய்விடும். 0, 1 பின்களில் எதையும் மாட்ட வேண்டாம், புரோகிராம் ஏறுவதே அவற்றின் வழியாகத்தான். ஊனோவின் சிறிய வடிவமான நானோ போர்டில் ஏ6, ஏ7 இரண்டும் அனலாக் இன்புட் மட்டுமே. அவற்றிலிருந்து எந்த வெளியீடும் வராது.

ஈ.எஸ்.பி.32 வாங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 34, 35, 36, 39 ஆகிய பின்கள் இன்புட் மட்டுமே. போர்டில் 36, 39 இரண்டும் வி.பி., வி.என். என்று அச்சிடப்பட்டிருப்பதால் தெரியாமல் போகிறது. இவற்றை அவுட்புட் என்று எழுதினாலும் புரோகிராம் தடையில்லாமல் கம்பைல் ஆகி ஏறிவிடும், எல்.இ.டி. மட்டும் எரியாது. உள் புல்-அப்பும் இவற்றுக்குக் கிடையாது. ஆகவே பட்டன் வைத்தால் 10 கிலோ ஓம் மின்தடையை வெளியே போட்டாக வேண்டும். 6 முதல் 11 வரை உள்ள பின்கள் புரோகிராம் சேமிக்கப்படும் ஃபிளாஷ் நினைவகத்துக்கு உரியவை. 38 கால் போர்டுகளில் சி.எல்.கே., சி.எம்.டி., எஸ்.டி.0 முதல் எஸ்.டி.3 வரை என்று அச்சிட்டு வெளியே கொண்டுவந்திருப்பார்கள். அங்கே எதையும் மாட்டக் கூடாது.

12ஆம் பின் தனிக் கதை. ஆன் ஆகும் நொடியில் அது ஹையாக இருந்தால், ஃபிளாஷுக்கு 3.3 வோல்ட்டுக்குப் பதில் 1.8 வோல்ட் போக வேண்டும் என்று சிப் எடுத்துக்கொள்ளும். ரிலே (சிறு மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) மாட்யூலின் இன்புட் அதை ஹை பக்கம் இழுத்தாலே போதும். அதுவரை ஓடிக்கொண்டிருந்த போர்டு, ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்ததும் எழாது. போர்டு அனுப்பும் செய்திகளைக் கணினியில் காட்டும் சீரியல் மானிட்டரில் ஃபிளாஷ் ரீட் எர் (ஃபிளாஷைப் படிப்பதில் பிழை) என்று திரும்பத் திரும்ப வந்துகொண்டிருக்கும். அந்த ஒரு வயரைப் பிடுங்கினால் சரியாகிவிடும். ஈ.எஸ்.பி.32 சிப்பைக் கொண்ட சாதாரண வ்ரூம் மாட்யூலில் 18, 19, 21, 22, 23, 25, 26, 27, 32, 33 ஆகியவற்றைக் கண்ணை மூடிக்கொண்டு அவுட்புட்டாக வைக்கலாம். செய்முறை வெளியிடும்போது இந்த எண்களை மட்டும் ஒரு கட்டத்தில் அச்சிட்டால் எவ்வளவோ உதவியாக இருக்கும்.

கிணற்று மோட்டாரையோ பம்பையோ ரிலே வழியாக இயக்கும் செய்முறைகளில் இன்னொன்று. சந்தையில் கிடைக்கும் ரிலே மாட்யூல்களில் பல, லோ (0 வோல்ட்) கொடுத்தால் ஆன் ஆகிற வகை. ஊனோவில் பின்மோட் அவுட்புட் என்று எழுதிய கணத்தில் பின் லோவுக்குப் போகும். ரிலே டிக் என்று அடித்து, பம்பு ஒரு கணம் உதறி நிற்கும். செட்டப்பில் முதலில் டிஜிட்டல்ரைட் ஹை, அதற்கு அடுத்த வரியில் பின்மோட் அவுட்புட் என்று வரிசையை மாற்றினால் இது நின்றுவிடும். 230 வோல்ட் பக்கத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ரிலேயின் சத்தத்தை மட்டும் கேட்டுத்தான் இதைச் சோதிக்க வேண்டும். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது அவசியம்.

எஸ்.டி.எம்.32 சிப் உள்ள புளூ பில் போர்டைப் பயன்படுத்தும் கல்லூரி மாணவர்களுக்கும் ஒரு சொல். ரிஜிஸ்டர் அளவில் (சிப்பின் உள் அமைப்பு இடங்களில் நேரடியாக) எழுதும்போது, போர்ட்டின் (பின்களின் தொகுதி) கிளாக்கை முதலில் ஆன் செய்யாவிட்டால் பின் அமைப்பு எதுவும் பதியாது. சிப்புக்குள் பார்க்க உதவும் டிபக்கரில், பின் அமைப்பை வைத்திருக்கும் சி.ஆர்.எல். ரிஜிஸ்டர் பூஜ்யம் காட்டினால் கிளாக் வரவில்லை என்று சந்தேகப்படுங்கள். 44444444 என்று காட்டினால் கிளாக் இருக்கிறது, பின்கள் இன்னும் இன்புட்டிலேயே கிடக்கின்றன. பி.ஏ.15, பி.பி.3, பி.பி.4 மூன்றும் தொடக்கத்தில் சிப்பைச் சோதிக்கும் ஜே.டேக் இணைப்பிடம் இருக்கும். ஜே.டேக்கை மட்டும் விலக்கி, புரோகிராம் ஏற்ற உதவும் எஸ்.டபிள்யூ.டி. இணைப்பை விட்டுவையுங்கள், இரண்டையும் அணைத்தால் அடுத்த முறை புரோகிராம் ஏற்றுவதே பெரும்பாடாகிவிடும்.

பின் உண்மையிலேயே எரிந்துபோவதும் உண்டு. ஊனோ பின் ஒன்றிலிருந்து 20 மில்லி ஆம்பியருக்கு மேல் எடுப்பது நல்லதல்ல, 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. சிறு டி.சி. மோட்டாரை நேரே மாட்டினால் அந்த எல்லை எளிதில் தாண்டிவிடும். நடுவில் டிரான்சிஸ்டரும், மோட்டாருக்குக் குறுக்கே 1என்4007 டயோடும் வேண்டும். எரிந்ததா என்று அறிய, எல்லா வயர்களையும் கழற்றிவிட்டு, பின்னை மாறி மாறி ஹை, லோ ஆக்கும் பிளிங்க் புரோகிராமில் பின் எண்ணை மட்டும் மாற்றி ஒவ்வொரு பின்னாக மீட்டரை வைத்துப் பாருங்கள். ஒரே ஒரு பின் மட்டும் மாறாமல் நின்றால் அதன் மேல் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டு, மற்ற பின்களைக் கொண்டு வேலையைத் தொடரலாம்.

இப்படிக்கு,
எலக்ட்ரானிக்ஸ் பயிற்றுநர்,
கோவை