கனடா வின்னிபெக்கிலிருந்து அம்மாவுக்கு

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் தங்கச்சியும் சுகமாயிருக்க நல்லூரானை வேண்டுறன். உங்கட கடிதம் பொங்கலுக்கு முதல்நாள் கிடைச்சது. குளிரைப் பற்றித்தான் கவலைப்பட்டு எழுதியிருக்கிறீங்கள். வெளியில மைனஸ் 30 பாகை. வீட்டுக்குள்ள சூடு இருக்கு, பயப்பிடாதேங்கோ.

பக்கத்து வீட்டு உக்ரேனிய ஆச்சிக்கு முழங்கால் ஏலாமல் போட்டுது. அவவின்ர கோழியளை இப்ப நான்தான் பார்க்கிறன். நத்தாருக்கு வந்த மகன், குளிருமெண்டு கூட்டு ஓட்டையளைத் துணியால அடைச்சுப்போட்டுப் போனவர். விடியக் கூட்டு யன்னலுக்கு உள்பக்கமாப் பனி படர்ந்திருந்தது. ஆச்சி தடியூண்டிக்கொண்டு வந்து அந்தத் துணி எல்லாத்தையும் என்னைக் கொண்டு இழுத்தெடுப்பிச்சா.

கோழியின்ர உடம்புச் சூடே 41 பாகை வரும், அம்மா. இறகை ஊதிக்கொண்டு இருந்தால் குளிரைத் தாங்கும். அதுகளுக்கு எமன் ஈரம். மூச்சிலயும் எச்சத்திலயும் இருந்து வாற ஈரம் வெளியில போகாட்டில், கொண்டை உறைஞ்சு நுனி கறுத்துச் செத்துப்போகும். எச்சத்தின்ர அமோனியா மூச்சைக் கெடுக்கும். அதால ஓட்டை படுக்கிற பலகைக்கு நல்லா மேல, கூரையோட ஒட்டி இருக்க வேணும். ஈரக்காத்து மேலால போயிடும், கோழியில நேராக் காத்தடிக்காது. பலகையும் அகலம், விரலை வயித்து இறகால மூடிக்கொண்டு படுக்குங்கள். சூட்டு விளக்குப் போட ஆச்சி விடமாட்டா. மரத்தூளில விழுந்தால் கூடே எரிஞ்சுபோம். அவ சொல்லுறதுதான் சரி.

நாலு கோழி சாண்டெக்லேர் இனம். 100 வருசத்துக்கு முன்னம் கியூபெக்கில, ஓகா மடத்துத் துறவி வில்ஃப்ரிட் சாட்டலேன் இந்தக் குளிருக்கெண்டே உருவாக்கினது. கொண்டை கச்சான் கொட்டையளவுதான், உறைய இடமில்லை. மற்ற ரெண்டும் லெகோர்ன். பெரிய கொண்டை, அதுகளுக்கு வசலீன் பூசிவிடுறன். பகல் சுருங்கினதால முட்டை குறைவு. இருந்தும் ஆச்சி எனக்கு ஒண்டு தருவா. இரவைக்குப் பாணும் முட்டையும். நல்ல சத்து, சமைக்கிற வேலையும் மிச்சம்.

எங்கட கோழியள் முருங்கையில ஏறிப் படுக்குமே. பின்னேரத்தில குஞ்சுகளை நீங்கள் கூப்பிடுற சத்தம் இங்க கூட்டைப் பூட்டேக்க காதில கேட்குது அம்மா. ஒருக்கால் அந்த முத்தத்தில வந்து நிண்டாப் போதும் எண்டு கிடக்கு.

சரி, காணி விசயம். சித்தப்பா கேட்டாலும் உறுதியைக் கையில குடுக்காதேங்கோ, போட்டோக்கொப்பி குடுங்கோ. நில அளவையாளர் வந்து அளக்காமல் எல்லையில ஒரு வேலிக் கதியாலும் போட விடாதேங்கோ. அண்ணையைக் கட்டாயம் பக்கத்தில வைச்சிருங்கோ.

வேலைத்தலத்தில இப்ப நேரம் குறைச்சிருக்கினம், எனக்கும் ஆறுதல்தான். காசு மாசி முதல் கிழமை வரும், வழமையான அளவு. கிணத்துக்கட்டு வேலையை அதுக்குப் பிறகு தொடங்கச் சொல்லுங்கோ. தங்கச்சியின்ர குறிப்புப் பொருந்தினதோ எண்டு எழுதேல்லை. மாப்பிள்ளை வீட்டார் சீதனமா வீட்டைக் கேட்டால் ஒரு சொல்லும் குடுக்காமல் முதல்ல எனக்கு எழுதுங்கோ.

அன்பு மகன்