விமர்சனப் பக்கத்தில் ஒரு பத்தி வேண்டும்

திரைப்பட விமர்சனப் பக்கங்களின் ஆசிரியர்களுக்கு,

வணக்கம். குறைந்த செலவில் எடுக்கப்பட்டு, ஒரு சிறு ரசிகர் கூட்டம் மட்டுமே போற்றிக் காத்துவரும் பேய்ப் படங்களுக்கும் வேற்றுக்கிரகப் படங்களுக்கும் உங்கள் பக்கத்தில் நிரந்தரமாக ஒரு பத்தி கேட்டு எழுதுகிறேன். அதில் விமர்சனத்துடன் நகைச்சுவைப் பாட்டும் இடம்பெற வேண்டும்.

1962இல் வந்த ‘கார்னிவல் ஆஃப் சோல்ஸ்’ படத்தைப் பாருங்கள். இயக்குநர் ஹெர்க் ஹார்வி நிறுவனங்களுக்கும் பள்ளிகளுக்கும் பயிற்சிப் படங்கள் எடுத்துவந்தவர்; அவருடைய ஒரே முழுநீளக் கதைப்படம் இது. அமெரிக்காவின் கிரேட் சால்ட் ஏரிக்கரையில் பாழடைந்து கிடந்த கேளிக்கை மண்டபத்தைக் கண்டதும் அவருக்குக் கதை பிறந்தது. வெளுத்த முகத்துடன் நாயகியைப் பின்தொடரும் உருவமாக அவரே நடித்தார். நாயகி தேவாலயத்தில் ஆர்கன் என்னும் இசைக்கருவியை வாசிப்பவள். பின்னணி இசையும் ஆர்கன்தான். அவள் வாசிப்பது எது, அவளைத் துரத்துவது எது என்று காது தடுமாறுகிறது. பணத்தால் வாங்க முடியாத திகில் அது. இதை விளக்கிச் சொல்லத்தானே விமர்சகர்கள் இருக்கிறார்கள்?

இயக்குநர் எட் வுட்டின் வேற்றுக்கிரகப் படமான ‘பிளான் 9 ஃப்ரம் அவுட்டர் ஸ்பேஸ்’ வேறு வகை. அதில் நடித்த பேலா லுகோசி படப்பிடிப்பு தொடங்கும் முன்பே 1956இல் இறந்துவிட்டார். அவரை வைத்து ஏற்கெனவே எடுத்திருந்த சில நிமிடக் காட்சிகளைப் படத்தில் சேர்த்த வுட், மீதிக்குத் தம் மனைவியின் முதுகெலும்பு மருத்துவரை மேலங்கியால் முகம் மூடி நடக்கவைத்தார். 1980இல் ஒரு நூல் இதற்கு உலகின் மிக மோசமான படம் என்று பட்டம் சூட்டியது. எனக்கு அந்தப் பட்டத்தில் உடன்பாடில்லை. சினிமாவை இவ்வளவு நேசித்தவனை ஏளனம் செய்யக் கூடாது, பாட வேண்டும். ஈழத்துக் கவிஞர் மஹாகவி, லிமரிக் என்னும் ஆங்கில ஐந்தடி நகைச்சுவைப் பாட்டைத் தமிழுக்கு இசைவாக்கித் தந்த குறும்பா இதற்குக் கச்சிதமான வடிவம்:

பேயுருவில் நடித்தவரோ மாண்டார்;
மனந்தளரா இயக்குநரோ மீண்டார்;
போயொருவர் தனையழைத்தார்,
போர்வையினால் முகமறைத்தார்;
ஓயாமல் திரையையவர் ஆண்டார்!

படத்தைப் பாதி பார்த்துவிட்டு நட்சத்திரக் குறி போட்டுவிடலாம். ஆனால் குறும்பா எழுத முடியாது. படத்தின் எந்த நொடி மனத்தில் ஒட்டிக்கொள்கிறது என்று தெரிந்தவருக்குத்தான் ஐந்தாவது அடி வாய்க்கும்.

இடம் போதாதென்றால் கதைச்சுருக்கத்தை வெட்டுங்கள், பாட்டை விட்டுவையுங்கள். எழுத ஆள் கிடைக்கும்வரை நானே எழுதித் தருகிறேன், சன்மானம் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் வாசகன்