மூச்சு எண்ணுகிறவனுக்கு

மேலூர்,
சித்திரை கடைசி.

அன்புள்ள மாப்ள முருகேசா,

இங்கே எல்லோரும் நலம். பொங்கலுக்கு வந்த உன் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் போடுகிறேன். திட்டுவதை நேரில் வைத்துக்கொள். என் விரால்கள் செத்துப்போயின. நாற்பத்திரண்டு உருப்படி. எப்படித் தெரியுமா? தண்ணீரில் மூழ்கி.

சிரித்து முடித்தாயா? சரி, கேள்.

கிணற்றடியில் சிமெண்டுத் தொட்டி கட்டினேன் அல்லவா? பக்கத்துத் தோட்டத்துக்காரர் மூன்றடி போதும் என்றார். நான் யார் பேச்சைக் கேட்டிருக்கிறேன்? ஆறடி எடுத்து, முழுக்கத் தண்ணீர் கட்டினேன். கொக்குக்குப் பயந்து மேலே பச்சை வலை. போதாதென்று தண்ணீருக்குள் காற்றுக் குமிழி விடுகிற மோட்டார் வேறு. போன வாரம் அடித்த கோடை மழையில் வலைக்கயிறு அறுந்து, வேப்பஞ்சருகுப் பாரத்தோடு வலை ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணீருக்குள் அமுங்கிவிட்டது. மோட்டார் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்ததால் மீனுக்கு என்ன குறை என்று போர்த்திக்கொண்டு படுத்துவிட்டேன். விடிந்து போய் வலையை இழுத்தால், அடியில் எல்லாம் வெள்ளை வயிறு. சிலதுக்கு மூக்கு வலைக்கண்ணில் மாட்டியிருந்தது. தூணில் கட்டிய ஒரு மூலையில் மட்டும் வலை தூக்கி நின்றிருக்கிறது. அங்கே பதினெட்டு உயிரோடு, ஒன்றன்மேல் ஒன்றாக.

அந்த மூலையைப் பார்த்ததும்தான் நீ இருபது வருஷத்துக்கு முன்னால் நாகமலை விடுதியில் சொன்னது மண்டையில் ஏறியது. விராலுக்குச் செவுள் மட்டும் போதாது, செவுளுக்கு மேலே உள்ள அறையில் வெளிக்காற்றை வாங்கி வைத்தால்தான் பிழைக்கும், கரியமில வாயுவைத்தான் பெரும்பாலும் தண்ணீரில் விடும் என்றாய். 30 டிகிரி சூட்டில் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்து நிற்கிற ஆக்சிஜன் ஏழரை மில்லிகிராம்தான். காற்றிலோ நூற்றுக்கு 21 பங்கு. அதற்குப் பழகின மீனுக்கு நான் தண்ணீரைக் குமிழியாகக் கொதிக்க விட்டுவிட்டு, வாயைப் பொத்தியிருக்கிறேன். கரிமேட்டு மார்க்கெட்டில் நாலு விரல் தண்ணீரில் விரால் துள்ளுவதையும், பக்கத்தில் கெண்டை செத்துக் கிடப்பதையும் பார்த்தே வளர்ந்தவன் நான். ஒரு நாளாவது ஏன் என்று யோசித்தேனா?

ஆறடி விஷயத்திலும் மாட்டிக்கொண்டேன். உங்கள் பல்கலைக்கழகத்தில் பாண்டியன் சாரும் விவேகானந்தன் சாரும் 1976இல் விராலை வைத்து எழுதிய ஆய்வைப் பற்றி நீ ஓயாமல் பேசுவாய். தொட்டி ஆழமானால் மூச்சுக்கு மேலே வந்துபோகிற தூரம் கூடும், தின்ற தீனியெல்லாம் அந்த நீச்சலிலேயே கரையும், உடம்பில் ஒட்டாது என்று. என் மீன்கள் ஏன் தீவனத்தை அப்படி முழுங்கியும் ஒல்லியாகவே இருந்தன என்று இப்போது தெரிகிறது. தீவனக் கடைக்காரரைத் திருடன் என்று நினைத்திருந்தேன், பாவம்.

இப்போது மூன்றடிக்கு மேல் தண்ணீர் கட்டுவதில்லை. வலையை மூன்று முழம் உயரத்தில் கம்பி போட்டு இழுத்துக் கட்டிவிட்டேன். ஆனால் பயம் போகவில்லை மாப்ள. ராத்திரியில் எழுந்து டார்ச்சோடு போய் உட்கார்கிறேன். அன்றைக்கு அதுகள் வலையை முட்டிக்கொண்டிருந்த நேரத்தில் நான் குறட்டை விட்டிருக்கிறேன் என்பது மறக்க மாட்டேன் என்கிறது.

அப்புறம், உன்னை "மீனுக்கு மூச்சு எண்ணுகிறவன்" என்று விடுதி முழுக்கக் கேலி செய்தேனே, அதற்கு வட்டியும் முதலுமாகக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு விராலைப் பிடித்து, மாமியார் வீட்டுப் பிரியாணி அண்டாவில் விட்டு எண்ணுகிறேன். விடியற்காலை ஒரு மணி நேரத்தில் ஒன்பது தடவை மேலே வந்தது. மதியம் இரண்டு மணிக்கு, தண்ணீரில் கைவைத்தால் வெந்நீர் மாதிரி இருக்கும்போது, பதினாறு. பத்து டிகிரி ஏறினால் ஆக்சிஜன் தேவை ஏறத்தாழ இரட்டிப்பாகும் என்று நீ சொன்னதோடு ஒத்துப்போகிறதா? தீவனம் போட்டபின் எண்ணினால் இருபத்தொன்று; தின்றதைச் செரிக்கவும் மூச்சு வேண்டும்போல. அதனால் உச்சி வெயிலில் தீவனம் போடுவதை நிறுத்திவிட்டேன். சின்ன மீன் கிராமுக்குக் கிராம் பெரியதைவிடக் கூட இழுக்கும் என்பாயே, அதைப் பார்க்க ஒரு குட்டி விராலையும் விட்டேன். பெரியது அதைத் தின்றுவிட்டது. கணக்கு அங்கேயே நிற்கிறது.

ஒரு சந்தேகம். குளத்தில் விடியற்காலையில்தானே ஆக்சிஜன் ரொம்பக் குறையும்? அப்படியானால் என் மீன் அந்நேரம் அடிக்கடி மேலே வர வேண்டாமா? ராத்திரியில் ஆக்சிஜனை இழுக்கிற பாசி அண்டாவில் இல்லாததாலா, இல்லை குளிர்ச்சி அதை அமுக்கிவிடுகிறதா? யோசித்து எழுது. ஞாயிற்றுக்கிழமை மச்சினன் வீட்டுக் காதுகுத்துக்கு அண்டாவைக் கேட்டு ஆள் வரும். அதற்குள் பதில் வந்தால் நல்லது.

உன்
ராசு